ஹாட் ராடுக்கு சால்வேஜ் டிரக் என்ஜின் எடுக்குறது எப்படி: யார்டுக்குப் போறதுக்கு முன்னாடியிலிருந்து முதல் ஸ்டார்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

மிச்சிகன்ல என் கராஜ்ல 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப் ஒண்ணு நிக்குது. அது பொறந்தப்ப இருந்த என்ஜின் நாலு சிலிண்டர், 40 ஹார்ஸ்பவர். இப்ப அதுல உக்காந்திருக்கறது 2004 சில்வராடோ பிக்கப்ல இருந்து வந்த 5.3 லிட்டர் வி8. இத எடுக்குறதுக்குள்ள நான் ஒரு தடவை தப்பான என்ஜின வாங்கி, நிறைய கத்துக்கிட்டு, அப்புறம்தான் சரியானதுக்கு வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். ஹாட் ராடுன்னா பழைய லேசான வண்டில பலமான என்ஜின போட்டு வேகமாக்குறது. ஹாட் ராடுக்கு புது வண்டியோட என்ஜின்ல கை வைக்கலாமான்னு சிலர் கேக்குறாங்க. ஹாட் ராடுங்கிறதே அப்படித்தான் வளந்துது. 1932ல ஃபோர்டு 221 கியூபிக் இன்ச் ஃப்ளாட்ஹெட் வி8 கொண்டு வந்ததும், பசங்க ஜங்க்யார்டுல, அதாவது பழசான, அடிபட்ட வண்டிய பாகம் பாகமா விக்கிற யார்டுல, அத கழட்டி பழைய லேசான வண்டில போட்டாங்க, 1949ல ஓல்ட்ஸ்மொபைல் 303 வந்ததும் அத தேடிப் போனாங்க, 1955ல ஷெவி 265 ஸ்மால் பிளாக் வந்தப்புறம் பாதி ஊரு அதுக்கு மாறிடுச்சு. அந்தந்த காலத்துல யார்டுல எது நிறைய, மலிவா கிடைக்குதோ அதுதான் ஹாட் ராட் என்ஜின். இன்னிக்கு அது டிரக் என்ஜின்.

முதல்ல வண்டிய அளங்க, என்ஜின அப்புறம் தேடுங்க

நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. நல்ல விலைக்கு வந்துச்சேன்னு என்ஜின வாங்கி கராஜ்ல வச்சிட்டு அப்புறமா டேப்ப எடுக்குறாங்க.

அளக்க வேண்டியது நாலு. ஃபயர்வாலுக்கும் (என்ஜினுக்கும் ஆள் உக்காருற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) ரேடியேட்டருக்கும் நடுவுல எவ்ளோ நீளம், ஃப்ரேம் ரெயிலுக்கு நடுவுல எவ்ளோ அகலம், ஹுட் போடப் போறீங்கன்னா மேல எவ்ளோ உயரம், கீழ ஆயில் பேன் (என்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) எங்க வந்து நிக்கும். இதுல கடைசியதத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. டிரக் என்ஜினோட ஆயில் பேன் ரொம்ப ஆழம், ஏன்னா டிரக்குக்கு கீழ இடம் நிறைய. மாடல் ஏ மாதிரி முன்னாடி நேர் ஆக்ஸில் இருக்கற வண்டில பேன் எதுலயும் முட்டாது, ஆனா ஃப்ரேமுக்குக் கீழ தொங்கும், ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல மொத்த ஆயிலும் ரோட்டுல கொட்டிடும். மஸ்டாங் 2 மாதிரி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் போட்ட வண்டின்னா பேன் நேரா கிராஸ்மெம்பர்லயே போய் முட்டும். ரெண்டுலயுமே பேன் மாத்தியாகணும், அதுக்கான காச மொத விலையிலயே சேத்துக்குங்க. கமேரோ பேன், ஹோலி கம்பெனியோட ஸ்வாப் பேன்னு ஆழம் குறைஞ்சது நல்லா கிடைக்குது.

முன் பக்க பெல்ட், ஆல்டர்னேட்டர் செட்டுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஜிஎம் கம்பெனியோட எல்எஸ்ங்கற வி8 என்ஜின் குடும்பத்துல இது மூணு தூரத்துல வரும். கார்வெட் செட் பிளாக்கோட ஒட்டி இருக்கும், கமேரோ செட் கொஞ்சம் முன்னாடி, டிரக் செட் எல்லாத்தையும் விட முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். கார்வெட்டுக்கும் டிரக்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் வித்தியாசம். மாடல் ஏ மாதிரி குட்டையான இடத்துல அந்த ஒன்றரை இன்ச்தான் ஃபேன் உள்ள போகுமா போகாதான்னு முடிவு பண்ணும். செட்ட மாத்தினா கிராங்க் முன்னாடி இருக்கற பேலன்ஸரும் அதே செட்டுக்கானதா இருக்கணும், இல்லன்னா பெல்ட் ஒரே கோட்டுல ஓடாது.

எந்த குடும்பம்?

நான் ஜிஎம் பக்கம்தான் சாய்வேன், காரணத்தோடதான் சொல்றேன். ஹாட் ராட்ல அகலம்தான் பெரிய எதிரி. ஃபோர்டோட 5.0 கொயோட் அருமையான என்ஜின், 2011லேந்து எஃப்-150ல வருது, ஆனா ரெண்டு பக்கமும் ரெட்டை கேம் (வால்வ திறந்து மூடுற தண்டு), அதனால ஹெட்டு ரொம்ப அகலம், பழைய வண்டில ஸ்டியரிங் ஷாஃப்டுக்கு இடம் இருக்காது. 5.4 த்ரீ வால்வ் பக்கம் போகவே போகாதீங்க, ஸ்பார்க் பிளக் கழட்டும்போதே உடஞ்சு உள்ள மாட்டும், கேம் டைமிங்க மாத்துற ஃபேசர் தொல்லை தனி. 2020ல சூப்பர் டியூட்டில வந்த 7.3 காட்ஸில்லா புஷ்ராட் (கேம் ஹெட்டுல இல்லாம பிளாக்குக்குள்ள இருக்கற ரகம்) என்ஜின், 430 ஹார்ஸ்பவர், எனக்கே ஆசை உண்டு, ஆனா ஆளும் பெருசு, யார்டுல விலையும் பெருசு. ராம் டிரக்கோட 5.7 ஹெமி 2003லேந்து வருது, கெத்தா இருக்கும், 16 ஸ்பார்க் பிளக், ஹெட்டு அகலம், லிஃப்டர் (கேம் மேல உருண்டு வால்வ தள்ளுற பாகம்) போய் கேம அரைக்கிற வியாதி அதுலயும் உண்டு. உங்க வண்டி 50கள்ல வந்த பெரிய பிக்கப்னா ஹெமி தாராளமா போடலாம்.

மத்தவங்களுக்கு ஜிஎம்மோட ஜென் 3, ஜென் 4 (மூணாவது, நாலாவது தலைமுறை) டிரக் என்ஜின். புஷ்ராட்ங்கறதால ஒல்லியா இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, அதனால ஃபயர்வால வெட்ட வேண்டியதில்ல. உதிரிபாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

இதுல எந்த சைஸ்? 4.8, 5.3, 6.0. 4.8ம் 5.3ம் ஒரே 3.78 இன்ச் போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) மட்டும் 3.27, 3.62னு மாறும். 6.0க்கு போர் 4.00 இன்ச். எல்லாரும் 6.0, 6.0னு ஓடுறாங்க, அதனால அதோட விலை ஏறிக்கிட்டே போகுது. உங்க வண்டி எவ்ளோ எடைன்னு பாருங்க. மாடல் ஏ கூப் 2300, 2400 பவுண்டு. அந்த 5.3 பொறந்தப்ப அதோட ரெண்டு மடங்கு எடையுள்ள டிரக்க இழுத்துட்டு போச்சு. கை வைக்காத 5.3யே 270லேந்து 295 ஹார்ஸ்பவர் தரும். லேசான ராடுக்கு இது போதும், போதுமானதுக்கு மேலயே போதும். 4.8 கூட கேவலம் கிடையாது, யாரும் கேக்காததால அடிமாட்டு விலைக்கு கிடைக்கும்.

இரும்பு பிளாக்கா அலுமினியமான்னா, இரும்பு சுமார் 80லேந்து 100 பவுண்டு எடை கூட. அலுமினியத்துல எல்33ன்னு ஒண்ணு உண்டு, 2005லேந்து 2007 வரைக்கும் வந்தது, 310 ஹார்ஸ்பவர், கண்ணுல பட்டா விடாதீங்க, ஆனா அதுக்காக ஆறு மாசம் காத்திருக்காதீங்க.

ஜென் 3யா ஜென் 4ஆ: பத்து செகண்டுல கண்டுபிடிக்கலாம்

பிளாக்கோட ரெண்டு பக்கத்தையும் பாருங்க. நாக் சென்சார் பக்கவாட்டுல இருந்தா ஜென் 4. பக்கத்துல இல்லாம, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில பள்ளத்துல இருந்தா ஜென் 3. கேம் சென்சார் பின்னாடி ஃபயர்வால் பக்கம் இருந்தா ஜென் 3, முன்னாடி டைமிங் கவர்ல இருந்தா ஜென் 4. ஸ்டார்ட்டர் பக்கத்துல இருக்கற கிராங்க் சென்சார் கறுப்பா இருந்தா 24 பல் சக்கரம், சாம்பல் கலர்னா 58 பல். இது வெறும் தகவலுக்காக இல்ல, 24க்கான கம்ப்யூட்டர் 58ல ஓடாது, ஸ்டாண்டலோன் ஹார்னஸ் (என்ஜின மட்டும் தனியா ஓட்டுற வயர் கட்டு) வாங்கினாலும் இந்த நம்பரத்தான் கேப்பாங்க. நடுவுல 2005, 2006 வாக்குல ரெண்டும் கலந்து வந்திருக்கு, அதனால வருஷத்த நம்பாதீங்க, கண்ணால பாருங்க.

ஜென் 4ல கனெக்டிங் ராட் உறுதி அதிகம், பிஸ்டன் பின் ஃப்ளோட்டிங். டர்போ போடுற எண்ணம் இருந்தா ஜென் 4 எடுங்க. ஆனா அதோட பெரிய வில்லன் ஏஎஃப்எம். வண்டி சும்மா ஒரே வேகத்துல போகும்போது எரிபொருள் மிச்சம் பிடிக்க 1, 4, 6, 7 சிலிண்டர நிறுத்தி வைக்கிற ஏற்பாடு அது. அந்த நாலு சிலிண்டரோட லிஃப்டர் தனி ரகம், உள்ள பூட்டு மாதிரி ஒரு பின் இருக்கும், அது சிக்கினா லிஃப்டர் ரோலர் கேமையே தின்னுடும். 2007க்கு அப்புறம் வந்த 5.3ல பெரும்பாலும் இது இருக்கும். எடுத்து எறியலாம், ஆனா கேம், லிஃப்டர், வேலி கவர், டியூன்னு எல்லாத்தையும் மாத்தணும், அந்த செலவுல இன்னொரு என்ஜினே வாங்கிடலாம். 4.8லயும், முக்கால் டன் டிரக்ல வந்த எல்ஒய்6, எல்96 ரக 6.0லயும் இந்தத் தொல்லை கிடையாது. 2014க்கு அப்புறம் வந்த ஜென் 5 டைரக்ட் இன்ஜெக்ஷன், ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப கேம் ஓட்டும், வயரிங்கும் ஃபியூயலும் வேற உலகம். முதல் பில்டுக்கு அது வேணாம்.

முதல் தடவை பண்றவங்களுக்கு நான் சொல்றது 1999லேந்து 2006 வரைக்கும் வந்த ஜென் 3 இரும்பு 5.3, பேரு எல்எம்7. அதுலயும் 1999லேந்து 2002 வரைக்கும் பெரும்பாலும் கேபிள் த்ராட்டில், பழைய வண்டி பெடலோட சுலபமா சேரும். 2003லேந்து எலக்ட்ரானிக் த்ராட்டில்.

யார்டுல: என்ஜின விட டிரக்க பாருங்க

இதுதான் எனக்கு முக்கியம், இத மட்டுமாவது படிச்சிட்டு போங்க. மாடு வாங்கப் போறவங்க பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க, சுழி பாப்பாங்க, அது இவ்ளோ நாள் எந்த வீட்டுல இருந்துச்சுன்னு விசாரிப்பாங்க. இங்கயும் அதேதான். பேலட்ல (மரப் பலகை மேடை) கழட்டி வச்ச என்ஜினுக்கு வாய் கிடையாது, அது எப்படி வாழ்ந்துச்சுன்னு டிரக்தான் சொல்லும்.

நான் மொதல்ல ஏமாந்தது பேலட்லதான். ஒரு யார்டுல, பேர் வேணாம், வால்வ் கவர்ல சாக்பீஸால 5.3னு எழுதியிருந்துச்சு, நம்பி தூக்கிட்டு வந்தேன். ஹெட்ட கழட்டுன அன்னிக்கு பிஸ்டன் தலை தட்டையா இருந்துச்சு. அது 4.8. ரெண்டுக்கும் பிளாக் வெளியில ஒரே மாதிரிதான், பெரும்பாலும் வார்ப்புலயே ரெண்டு நம்பரும் சேத்தே இருக்கும், அதனால வெளியில பாத்து சொல்ல முடியாது. திருப்பிக் கேக்கலாம்னு போனா, ஹெட்ட திறந்துட்டீங்க, வாரண்டி போச்சுன்னுட்டாங்க.

அதுலேந்து நான் பையில ரெண்டு பொருள் இல்லாம யார்டுக்குள்ள போறதில்ல. ஒண்ணு காந்தம், இன்னொண்ணு ஃபோன்ல மாட்டுற சின்ன போரோஸ்கோப் கேமரா. ஒரு ஸ்பார்க் பிளக்க கழட்டி அந்த கேமராவ உள்ள விடுங்க. ஜென் 3ல பிஸ்டன் தலையில கிண்ணம் மாதிரி குழி இருந்தா 5.3. தட்டையா இருந்தா பிளாக்ல காந்தத்த வைங்க, ஒட்டுனா 4.8, ஒட்டலன்னா நீங்க எல்33 முன்னாடி நின்னுட்டு இருக்கீங்க. அதே கேமராவுல சிலிண்டர் சுவரையும் பாருங்க. குறுக்கு நெடுக்கா மெல்லிசான ஹோனிங் கோடு இன்னும் தெரிஞ்சா நல்ல சிலிண்டர், மேலேந்து கீழ நீளமா கீறல் இருந்தாலோ துரு வளையம் இருந்தாலோ கிளம்பிடுங்க.

டிரக் முழுசா நிக்குதுன்னா வேலை இன்னும் சுலபம். விண்ட்ஷீல்டு கீழ இருக்கற விஐஎன்ங்கற வண்டி அடையாள நம்பர்ல எட்டாவது எழுத்து என்ஜின். டி (T) வந்தா எல்எம்7 5.3, வி வந்தா 4.8, இசட் வந்தா எத்தனால் கலந்த எரிபொருளுக்கான எல்59 5.3, பி (B) வந்தா எல்33, யு வந்தா எல்க்யூ4 6.0, என் வந்தா எல்க்யூ9. அப்புறம் க்ளவ் பாக்ஸ திறங்க. உள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர்ல மூணு மூணு எழுத்தா வரிசையா கோடு இருக்கும், டிரக் ஃபேக்டரிய விட்டு வந்தப்ப என்னென்ன போட்டாங்கன்னு அதுல இருக்கு. எல்எம்7ங்கற எழுத்த அதுல தேடுங்க. எம்30 இருந்தா 4எல்60-இ கியர்பாக்ஸ், எம்டி1 இருந்தா 4எல்80-இ. க்ளவ் பாக்ஸ்லயே ஆயில் சர்வீஸ் ரசீது கிடைச்சா அத விட நல்ல சாட்சி இல்ல. என் 2004 டிரக்ல ரப்பர் பேண்டு போட்டு 11 ரசீது இருந்துச்சு, எல்லாம் ஒரே கடையோடது, அத பாத்த அடுத்த நிமிஷம் இந்த என்ஜின்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

டிரக் ஏன் இங்க வந்துச்சு? பின்னாடி அடிபட்டதா, ரொம்ப நல்லது, என்ஜின் ஓடிக்கிட்டே இருந்திருக்கும். பக்கவாட்டுல அடின்னா பரவால்ல. முன்னாடி அடின்னா பேலன்ஸர், வாட்டர் பம்ப், ஆயில் பேன் முன் பக்கம் விரிசல் இருக்கான்னு பாக்கணும், ரேடியேட்டர் உடஞ்சதுக்கு அப்புறமும் ஓட்டியிருப்பாங்களான்னு யோசிக்கணும். தலைகீழா உருண்டதுன்னா ஆயில் சிலிண்டருக்குள்ள போயிருக்கலாம். வெள்ளத்துல மூழ்கினத தொடாதீங்க. அடியே படல, டயர் புதுசு, ஆனா யார்டுல நிக்குதுன்னா அங்கதான் சந்தேகம் வரணும், பெரும்பாலும் என்ஜினோ கியர்பாக்ஸோ போனதாலதான் வந்திருக்கும்.

கை வச்சு பாக்குறது

டிப்ஸ்டிக்க உருவுங்க, ஆயில் கறுப்பா இருந்தா பயப்பட வேணாம், காபி கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. ஆயில் ஊத்துற மூடிய திறந்து டார்ச் அடிங்க, ராக்கர் ஆர்ம் தேன் கலர்ல இருந்தா சரி, தார் மாதிரி கட்டி கட்டியா இருந்தா ஆயிலே மாத்தாம ஓட்டியிருக்காங்க. கூலன்ட் ஆரஞ்சு கலர்ல இருக்கணும், செங்கல் சேறு மாதிரி இருந்தா வேணாம்.

எட்டு பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க. ஏழு பழுப்பு, ஒண்ணு மட்டும் நீராவி அடிச்ச மாதிரி சுத்தமா இருந்தா அந்த சிலிண்டர்ல கூலன்ட் போகுது. அப்புறம் கிராங்க் போல்ட்ல 24 மில்லி சாக்கெட் போட்டு, நீளமான பார் வச்சு கடிகார திசையில ரெண்டு சுத்து முழுசா சுத்துங்க. எங்கயும் சிக்காம வெண்ணெய் மாதிரி போகணும்.

ஹெட்டோட நம்பரும் முக்கியம். 706, 862 ரெண்டும் 4.8, 5.3ல வரும், 317 6.0ல வரும், 799 நல்ல ஜாதி. 706ல ஒரு எச்சரிக்கை: காஸ்டெக்னு முத்திரை உள்ள வார்ப்பு சிலது விரிசல் விட்டு, கூலன்ட் வெளிய தெரியாம ஆயில்ல கலக்கும். வால்வ் கவர கழட்டினா ராக்கருக்கு நடுவுல அந்த முத்திரை தெரியும். முத்திரை இருந்தாலே கெட்டதுன்னு இல்ல, அந்த இடத்துல பழுப்புக் கறை இருக்கான்னு பாருங்க.

எங்க ஊர்ல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அதனால எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் கடைசி சிலிண்டர் பக்கம் உடஞ்சிருக்கறது சகஜம். அது என்ஜின வேணாம்னு சொல்றதுக்கான காரணம் இல்ல, விலை பேசுறதுக்கான காரணம்.

காசு குடுக்கும்போது

என்ஜின் மட்டும் எவ்ளோன்னு கேக்காதீங்க, என்னென்ன சேத்து தருவீங்கன்னு கேளுங்க. வெட்டாத வயரிங் ஹார்னஸ், கம்ப்யூட்டர், மாஸ் ஏர் சென்சார், ஆக்ஸிஜன் சென்சார், காயில் பேக் எட்டும், ஸ்டார்ட்டர், ஃப்ளெக்ஸ்பிளேட், டிப்ஸ்டிக் குழாய். எலக்ட்ரானிக் த்ராட்டில்னா ஆக்சிலரேட்டர் பெடலும், ஃபயர்வால்ல இருக்கற, த்ராட்டில கட்டுப்படுத்துற டேக் மாட்யூலும் அதே டிரக்கோடதா இருக்கணும், வேற வருஷத்தோடத போட்டா பேசிக்காது. ஹார்னஸ கட்டர் வச்சு நறுக்கி எடுக்குற ஆளுங்க இருக்காங்க, நீங்களே நின்னு கழட்டி எடுங்க. இதெல்லாம் விட்டுட்டு வந்தா யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையுற கதைதான், தனித்தனியா வாங்குனா என்ஜின் விலைய தாண்டிடும். கிடைக்கவே இல்லன்னா ஹோலி டெர்மினேட்டர் எக்ஸ் மாதிரி ஸ்டாண்டலோன் போடலாம், அது சுத்தமான வழி, ஆனா காசு.

கோர் டெபாசிட் (பழைய என்ஜின திருப்பிக் குடுத்தா திரும்ப வர்ற காசு) எவ்ளோ, வாரண்டி எத்தனை நாள்னு பில்லுல எழுதி வாங்குங்க. என்ஜின்ல சின்ன வட்டமா ஒரு ஹீட் டேப் ஒட்டியிருப்பாங்க, ஓவர்ஹீட் ஆனா அது நடுவுல உருகும், அத பிச்சு எடுத்துட்டா வாரண்டி கிடையாது. வாரண்டி பெரும்பாலும் மாத்து என்ஜினுக்குத்தான், உங்க உழைப்புக்கு இல்ல. டிரக்கோட விஐஎன்னும் பில்லுல வரணும். கலிஃபோர்னியால 1975 மாடலும் அதுக்கு முந்தினதுமான பெட்ரோல் வண்டிக்கு ஸ்மாக் டெஸ்ட் இல்ல, ஆனா ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் வேற, உங்க ஊரு டிஎம்வில (வண்டி பதிவு பண்ற அரசு ஆஃபீஸ்) கேட்டுட்டு காச எடுங்க.

கியர்பாக்ஸும் அதே டிரக்லேந்து எடுத்தா நிம்மதி. பழைய டிஹெச்350, டிஹெச்400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடணும்னா, எல்எஸ் கிராங்க்கோட பின் ஃப்ளேஞ்ச் பழைய ஸ்மால் பிளாக்க விட 0.4 இன்ச் குட்டை, அதுக்கு ஸ்பேசர் வேணும். 1999, 2000ல வந்த இரும்பு ஹெட் 6.0ல மட்டும் அந்த ஃப்ளேஞ்ச் நீளம், அங்க கணக்கு மாறும்.

வீட்டுக்கு வந்தப்புறம், வண்டில ஏத்துறதுக்கு முன்னாடி

ஸ்டாண்டுல இருக்கும்போதே சில வேலைய முடிச்சிடுங்க, உள்ள போயிட்டா கை நுழையாது. ஆயில் பிக்கப் குழாய்ல ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கு, சுண்டு விரல் மோதிரம் மாதிரி. அது காஞ்சு போச்சுன்னா பம்ப் ஆயிலோட காத்தையும் சேத்து உறிஞ்சும், பிரஷர் விழும், நல்ல என்ஜின கெட்டதுன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய. எப்படியும் பேன் மாத்துறீங்க, அதோட அதையும் மாத்துங்க. ஜென் 3ன்னா இன்டேக்க தூக்கி நாக் சென்சார் ரெண்டையும் புதுசு போடுங்க, அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கி துருப்பிடிச்சிருக்கும். முன், பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், வால்வ் ஸ்பிரிங் இதெல்லாம் இப்பவே. ஹெட்டுலேந்து வர்ற ஸ்டீம் குழாய அடைச்சிடாதீங்க, ரேடியேட்டர் மேல் பக்கத்துக்கு கொண்டு போய் சேருங்க, இல்லன்னா ஹெட்டுல நீராவி சிக்கி சூடு ஏறும்.

ஃபியூயலுக்கு 58 பிஎஸ்ஐ வேணும், பழைய கார்புரேட்டர் பம்ப் உதவாது. எலக்ட்ரிக் பம்ப்போட 1999லேந்து 2003 வரைக்கும் வந்த கார்வெட்டோட ஃபில்டர் போட்டா ரெகுலேட்டர் அதுக்குள்ளயே இருக்கு, ஒரே லைன் என்ஜினுக்குப் போனா போதும். கம்ப்யூட்டர்ல திருட்டுத் தடுப்பு லாக்கையும் பின் ஆக்ஸிஜன் சென்சாரையும் ஆஃப் பண்ணி டியூன் போடச் சொல்லுங்க, லாக் அப்படியே இருந்தா ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்டுல நின்னுடும்.

கடைசியா முதல் ஸ்டார்ட். வருஷக்கணக்கா யார்டுல நின்ன என்ஜின்ல பேரிங் காஞ்சு கிடக்கும். பிளக் எட்டையும் கழட்டி, காயிலும் இன்ஜெக்டரும் கனெக்ட் பண்ணாம, தனியா ஒரு மெக்கானிக்கல் ஆயில் கேஜ் மாட்டி, பத்து பத்து செகண்டா ஸ்டார்ட்டர சுத்துங்க, நடுவுல ஸ்டார்ட்டர் சூடு ஆற விடுங்க. எனக்கு நாலாவது தடவையிலதான் முள்ளு துடிச்சுது, அஞ்சாவதுல ஏறி நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் பிளக்க மாட்டுனேன்.